சண்முகவள்ளியின் அட்டை

மில் நம்பர் போட்ட டோக்கனை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் நூல் அறுக்கும் கத்தியை வைத்தாள்.

வேலை வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்த தாளில் கைநாட்டு வைத்துவிட்டு, விரலில் ஒட்டிய மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டாள் சண்முகவள்ளி.

திண்டுக்கல் மில் ஒன்றில், டைம் ஆபீசில் எனக்கு கிளார்க் வேலை. அறுபத்திரண்டாம் வருஷம் அது. வேலையை விட்டுப் போகிறவர்களிடம் மில் சாமான்களைத் திரும்ப வாங்கி வைப்பதும் என் பொறுப்பு.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து, நூல் சுற்றும் பிரிவில் மேஸ்திரி ஆண்டிச்சாமி அவளை உட்கார விட்டதில்லை. ஒண்ணுக்குப் போய் வந்தால்கூட எல்லோர் முன்னாலும் ஏச்சு. முந்தின நாள் நூல் கூடையைக் காலால் எத்தியதில், அது குனிந்திருந்த அவள் வயிற்றில் வந்து இடித்திருக்கிறது. அவனைச் செருப்பால் அடித்திருக்க வேண்டும். மில்லில் யாரும் அடிக்கவில்லை, நானும்தான்.

இத்தனை மாதம் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. இன்சூரன்ஸ் அட்டை.

முதல் பிள்ளை எரியோட்டில், தாய் வீட்டில், மூன்று நாள் வலிக்குப் பிறகு செத்துப் பிறந்தது. அவளும் செத்துப் பிழைத்தவள்தான். இந்தத் தடவை அட்டை இருந்தது. ஆஸ்பத்திரியில் அட்டைக்காரிகளுக்கென்று ஆறு கட்டில், ஆபரேஷன் தெரிந்த டாக்டரம்மா. மற்றவர்களுக்கு வராந்தா, கிடைத்தால் ஒரு பாய்.

கூடை இடித்ததிலிருந்து பிள்ளையின் அசைவு குறைந்துவிட்டதாம். அட்டையும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம், வயிற்றில் இருப்பது தங்கினால் போதும் என்று முடிவு செய்துவிட்டாள். அன்றைக்கே எரியோட்டுக்குப் போகிறாள்.

சாமான் நோட்டில் டோக்கன் ஒன்று, கத்தி ஒன்று என்று எழுதினேன். போகலாம் என்றேன்.

வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். இடுப்பில் செருகியிருந்த துணி முடிச்சை அவிழ்த்து, ஓரம் நைந்த அந்த அட்டையை எடுத்தாள்.

"மறந்தே போயிட்டேன், கிளார்க்கய்யா. இதுவும் மில்லோடதுதானே?"

நான் கேட்கவே இல்லை. அவளாகத்தான் கொண்டுவந்து கொடுத்தாள்.

வாங்கிப் பார்த்தேன். அந்தக் காலத்து அட்டையில் போட்டோ கிடையாது. பெயர் சண்முகவள்ளி, கணவர் ராமர், வயது இருபத்து நாலு. அங்க அடையாளம்: இடது தாடையில் மச்சம். நிமிர்ந்து பார்த்தேன். மிளகளவு இருந்தது.

அட்டை மில்லுடையது இல்லை, அவளுடையது. போன ஆறு மாதமும் அதற்கான சந்தாவைக் கூலியில் பிடித்திருந்ததால், வேலையை விட்டாலும் பிரசவம் வரைக்கும் அது செல்லும். அந்த விதியைத் தமிழில் அச்சடித்த தாள் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. அவள் கை ஊன்றியிருந்தது அதற்கு மேலேதான். அவளுக்கு எழுத்து தெரியாது.

எனக்குத் தெரியும். என் வாயிலும் கொழுக்கட்டை ஒன்றும் இல்லை.

"ஆமா, வச்சுட்டுப் போ" என்றேன்.

உடனே போயிருந்தாலாவது பரவாயில்லை. நின்று, என் மனைவி சொர்ணலட்சுமிக்கு எத்தனை மாதம் என்று விசாரித்தாள். எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு தவறிப்போனது மில்லில் எல்லோருக்கும் தெரியும். ஏழு என்றேன். தனக்கும் ஏழுதான் என்று சிரித்தாள். அக்காவுக்கு இந்தத் தடவை நல்லபடியாகப் பிறக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெயிலில் மெதுவாகத்தான் நடந்தாள். கேட்டுக்கு வெளியே நின்ற புளியமரம் வரைக்கும் கூப்பிடு தூரம்தான். நான் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எரியோட்டுப் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். ஒருவரிடமும் அவளைப் பற்றி விசாரித்ததில்லை.

சாமான் நோட்டில் அட்டையை எழுதவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாகல் நகருக்கு, வீட்டுக்குப் போனேன்.

இரண்டு மாதம் கழித்துச் சொர்ணலட்சுமிக்கு வலி எடுத்தது. ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளை உட்கார வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டுவண்டி வந்து நின்றபோதெல்லாம் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். எரியோட்டு வண்டி எதுவும் வரவில்லை.

என்னிடமும் ஒரு அட்டை இருந்தது. அதில் வைத்தியம் எனக்கு மட்டும்தான், பெண்டாட்டிக்குக் கிடையாது.

நர்ஸ் கையிலிருந்த அட்டையைப் பார்த்து வாசித்தாள்.

"சண்முகவள்ளி, வீட்டுக்காரர் ராமர்!"

நான்தான் என்று எழுந்தேன்.

சொர்ணலட்சுமி எழவில்லை. யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று வலியோடு உட்கார்ந்திருந்தாள். தோளைத் தொட்டு எழுப்பினேன். முகமெல்லாம் வியர்வையாக இருந்தது. காலையில் கண்மை தொட்டு நான் வைத்துவிட்ட மச்சம் இடது தாடையில் கசிய ஆரம்பித்திருந்தது.

துண்டை எடுத்து, அதைச் சுற்றி மட்டும் ஒற்றிவிட்டு, உள்ளே அனுப்பினேன்.