போத்தலில் அடித்த விலை

வந்த ஆள் சோடாவைக் குடிக்கவில்லை. போத்தலைத் திருப்பித் திருப்பி, அதில் அடித்திருந்த விலையையே பார்த்தார். காலில் சப்பாத்து, கக்கத்தில் ஃபைல்.

"இது எவ்வளவு நாநா?"

கண்டக்குழியில் இந்தக் கேள்விக்குக் கடைக்கார நௌஃபர் நாநாவிடம் இரண்டு பதில் உண்டு. ஊராளுக்கு அடித்த விலையோடு இருபது ரூபாய் கூட, ஃப்ரிட்ஜ் கரண்டுக்காம். கடற்கரைக்கு வருகிற வெள்ளைக்காரனுக்கு நூறு கூட, அது எதற்கென்று அவன் கேட்பதில்லை.

ஆனால் போன கிழமைதான் எத்தாளையில் விலை பார்க்கிற அதிகாரிகள் ஒரு கடையைப் பிடித்து, லட்சத்தில் தண்டம் கட்ட வைத்திருந்தார்கள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம்தானே! நாநா அந்தச் சப்பாத்தையும் ஃபைலையும் இன்னொரு தரம் பார்த்தார்.

"போத்தல்ல உள்ள விலைதான் தம்பி, நூற்றைம்பது. ஒரு சதம் கூட எடுக்க மாட்டன்."

உள்ளே சீனி நிறுத்துக்கொண்டிருந்த மனைவி ருஷ்தாவுக்குப் புரையேறியது.

பின்னே? அடித்த விலைக்கு விற்றால் பட்டினிதான், போத்தலுக்கு இருபது ரூபாய் கமிஷன் கூட்டித் தாருங்கள் என்று சோடாக் கம்பனிக்கு அழுதழுது கடிதம் எழுதுகிற மனுஷனல்லவா? கிடைத்தால் இரண்டாவது ஃப்ரிட்ஜ் வாங்க நினைத்திருந்தார். இப்போது தண்டம் விழுந்தால் இருக்கிற ஃப்ரிட்ஜையும் விற்க வேண்டியதுதான்.

"இந்த விலைக்கு உங்களுக்குக் கட்டுமா நாநா? புத்தளத்திலிருந்து ஏத்தி வரணும், கரண்ட் வேற."

"ஏன் கட்டாது? கூட எடுத்தா ஹராம் தம்பி! இன்னும் அஞ்சு ரூவா குறைச்சாலும் எனக்கு லாபந்தான்."

ருஷ்தா வாசலுக்கு வந்து கண்ணைக் காட்டினாள். "இந்தாங்க, கொஞ்சம் யோசிச்சுக் கதைங்க."

"நீ சும்மா இரி!"

"அப்ப இதை எழுதித் தருவீங்களா?" என்றார் வந்தவர்.

"அதுக்கென்ன!" சொன்னதையெல்லாம் மளமளவென்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையையும் ஓங்கிக் குத்தினார் நாநா. லட்சம் ரூபாய் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்! சந்தோஷத்தில் இன்னொரு சோடாவையும் சும்மா நீட்டினார்.

வந்தவர் அந்தக் கடதாசியை ஃபைலுக்குள் வைத்துவிட்டு, அதிலிருந்து மூன்று கடிதங்களை எடுத்து மேசையில் பரப்பினார்.

"அப்ப எங்கட கம்பனிக்கு இதுகளை எழுதின நௌஃபர் யாரு நாநா?"