ரவைத் தட்டு

முடிச்சூர் வீட்டின் சாப்பாட்டு மேசையில் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. குடும்ப ஜெபம் முடிந்து, இட்லித் தட்டுகளை ஒதுக்கிய இடத்தில் எப்சி தன் ஏழு வயது மகள் திர்சாவுக்குப் பாடம் நடத்துகிறாள். இவளுக்குப் படிப்பு ஏறாது என்று பள்ளியில் சொன்ன பிறகு, எப்சி அவளை வீட்டிலேயே வைத்துப் படிக்கவைக்கிறாள். தம்பி யாபேஸ் மேசைக்கடியில் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறான். எதிர் நாற்காலியில், ஊரிலிருந்து வந்திருக்கும் நாத்தனார் புஷ்பம் காபியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருக்கிறாள்.

"இன்னும் எழுத்துக் கூட்டவே தடுமாறுறா. ஜூன்ல ஸ்கூல்லயே சேர்த்துடு எப்சி. உனக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

எப்சி தட்டில் பரப்பிய ரவையில் விரலால் 'மழை' என்று எழுதி மகள் பக்கம் நகர்த்துகிறாள். ரவை பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்தியிருப்பதால் திர்சாவின் நெற்றி வேர்த்து வழிகிறது. "ம..." என்கிறாள். அடுத்த எழுத்தில் நின்றுவிடுகிறாள். அதன் வளைவுகளின் மேலேயே விரலை மெல்ல ஓட்டுகிறாள். திரும்பவும் ஓட்டுகிறாள். புஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. "அது வந்து, கண்ணு..." என்று முன்னால் சாய்கிறாள். திர்சா நிமிராமலே இடக்கையை உயர்த்தித் தடுக்கிறாள்.

"சொல்லாதீங்க அத்தை. நானே படிப்பேன்."

எப்சி கைகளை மடியில் கோத்துக்கொள்கிறாள். அவள் உதடுகள்கூட அசையவில்லை. மேசைக்கடியில் கட்டைகள் சரிகின்றன. திர்சாவின் நாக்கு மேலே மடிகிறது.

"ம... ழை. மழை!"

அவள் சிரிக்கவில்லை. உள்ளங்கையால் ரவையைச் சமன்செய்து தட்டைத் திருப்பித் தள்ளுகிறாள்.

"இதவிடப் பெரிசா ஒண்ணு எழுதுங்கம்மா."