எதிரே வந்த ஆள்

அறையில் மூன்று பேர் இருந்தார்கள். இயக்குநர் அருணேஷ், கேமரா பிடிக்கும் அன்பரசன், கிராபிக்ஸ் செய்யும் எழிலரசி. நான்காவது ஆள் கம்ப்யூட்டர் திரையில் நடந்துகொண்டிருந்தான். அவனைக் கொல்வதுதான் இன்றைய வேலை.

காலையிலிருந்து விதவிதமாகக் கொன்றாகிவிட்டது. அருணேஷுக்கு எதுவும் பிடிக்கவில்லை.

கல்லூரிகளுக்கான சாலைப் பாதுகாப்புக் குறும்படப் போட்டி. தலைப்பைக் கேட்டதும் முகம் சுளித்தவன் அவன். ஜெயித்தால் சென்னையில் உதவி இயக்குநர் வாய்ப்பு என்றதும் ஒப்புக்கொண்டான். கதை எழிலரசி கொடுத்தது. கிரிவலப் பாதையில் ஒருவன்மேல் கார் மோதுகிறது, நிற்காமல் போகிறது.

அவள் அப்பா பரசுராமன் அப்படித்தான் செத்தார். போன வருடம், பௌர்ணமிக்கு மறுநாள், கூட்டம் கலைந்த பிறகு. யாரும் பார்க்கவில்லை. கல்லூரியில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இடித்தவன் கண்முன்னால் அந்தக் காட்சியை ஓடவிட வேண்டும். அதற்காகத்தான் இந்தப் படத்தில் வேலை செய்தாள்.

சாலை, அடி அண்ணாமலைப் பக்கம் எடுத்தது. ஆள், பச்சைத் துணிக்கு முன்னால் நடந்த அன்பரசன். போவதையும் வருவதையும் எடுத்து வைத்திருந்தார்கள். கார், கம்ப்யூட்டரில் செய்தது.

“பொம்மையத் தூக்கிப் போட்ட மாதிரி இருக்குது எழிலு. மாத்து.”

“நீங்க சொல்றத ரெக்கார்டு பண்ணிக்கிறேண்ணா. அப்புறம் அதைச் செய்யல, இதைச் செய்யலன்னு திட்டுவீங்க.” மைக்கை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“இவன் ஏன் முதுகக் காட்டினு போறான்? திருப்பு. மூஞ்சி தெரியணும்.”

அன்பரசன் சிரித்துவிட்டான். “டேய், மலை வலது கைப்பக்கம் இருக்கணும்டா. கிரிவலத்துல எவன்டா எதிர்ல வருவான்? நீ இந்த ஊர்ல பொறந்தவன்தானே?”

“துண்டு விழுந்தா திரும்பி வந்து எடுக்க மாட்டானா?”

“கதையில துண்டே இல்லியே!”

“இப்ப போடு. பச்சைத் துண்டு.”

“பச்சை வேணாண்ணா,” என்றாள் எழிலரசி. “பின்னாடி துணியும் பச்சை. அதை அழிச்சா துண்டும் சேந்து அழிஞ்சிடும். செவப்பு போட்டுக்கலாமா?”

“பச்சைதான். கம்ப்யூட்டர்லயே வரைஞ்சு போடு. எனக்குச் சொல்லித் தராத.”

“இது இன்னிக்கு ஆவாது. நான் டீ வாங்கினு வரேன்,” என்று அன்பரசன் கிளம்பினான்.

எழிலரசி ஆளைத் திருப்பினாள். மலை அவனுக்கு இடது பக்கம் வந்தது. துண்டை வரைந்து தோளில் போட்டாள்.

“தோள்ல இல்ல, கையில. இப்பதானே எடுத்தான்? லைட்டு கண்ணுல அடிக்குது. கையைத் தூக்கறான். அவ்ளோதான், இடி.”

அன்பரசனின் கையை மட்டும் தனியாக வெட்டி, மேலே தூக்கினாள்.

“துண்டு எங்கண்ணா விழும்?”

“விழாது. வைப்பர்ல மாட்டிக்கும். காரோடயே போயிடும்.”

அதையும் செய்தாள். ஓடவிட்டாள். கை எழுந்தது. துண்டு கண்ணாடியில் அறைந்து, வைப்பரில் சிக்கி, படபடத்துக்கொண்டே போனது.

அருணேஷ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். மின்விசிறிக்குக் கீழேயே அவனுக்கு வியர்த்திருந்தது.

“அப்பிடியே இருக்குது,” என்றான்.

“எது மாதிரிண்ணா?”

“நான்... நான் நெனச்ச மாதிரி.”

அவள் ரெக்கார்டிங்கை நிறுத்தினாள். ஹார்டு டிஸ்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

“எங்க போற? இன்னும் ஜாஸ்தி வேலை இருக்குது.”

அவள் வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது. வெளியே பூட்டு மாட்டும் சத்தம் கேட்டது.

“ஏய் எழிலு! இன்னா விளையாட்டு இது? தொற!”

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல் நிதானமாக இருந்தது.

“எங்கப்பா போட்டிருந்த பச்சைத் துண்டு மட்டும் கடைசிவரைக்கும் கெடைக்கலண்ணா.”