என்ன குடி?

"ஆரு இந்தப் பொடியன்?"

கோயில் தலைவர் கோணாமலை போனை விதுசாவின் முகத்துக்கு நேரே நீட்டினார். திரையில் ஆற்றுக்கு நடுவே ஒரு தோணி, அதில் இரண்டு முதுகுகள். ஒன்றில் அவிழ்த்துவிட்ட தலைமுடி, அது விதுசா. மற்றதில் கோடு போட்ட ஆண் சட்டையும் தொப்பியும்.

சட்டை இருந்தால் உள்ளே ஆண் இருக்க வேண்டும். கோயில் மடத்தில் கூடியிருந்த நிர்வாகத்துக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

'உவர்' என்று பேர் வைத்துக்கொண்ட இந்த இருவரின் முதல் பாட்டு வெளியாகி ஒரு கிழமைதான் ஆகிறது. தலைப்பு 'என்ன குடி?'. விதுசா கிற்றாரை அடித்து நொறுக்க, இன்னொரு கட்டைக் குரல் அடிவயிற்றிலிருந்து எழும்பும்.

"பேரைக் கேக்கல்ல, படிப்பைக் கேக்கல்ல,
வாசல்ல வெச்சுக் கேட்டது ஒண்டு: என்ன குடி?"

கனடாவில் யாரோ இதைச் சாராயப் பாட்டென்று நினைத்து, போத்தலோடு ஆடி வீடியோ போட்டிருந்தான். ஊரில் யாருக்கும் அந்தக் குழப்பம் வரவில்லை. இங்கே குடி என்றால் வம்சம், தாயால் வருவது. தகப்பன் ஒரு குடி, பிள்ளைகள் தாயின் குடி. ஒரே குடிக்காரர் அண்ணன் தங்கை முறை என்பதால், கலியாணப் பேச்சில் முதல் கேள்வியே அதுதான்.

டியூசன் பிள்ளைகள் பாட்டை முணுமுணுத்தார்கள். ஓட்டோக்காரர் சத்தமாகப் போட்டார்கள். நிர்வாகம் கூட்டம் போட்டது.

"பாட்ட இன்டர்நெட்டில இருந்து இப்பவே இறக்கு. மைக்கில மன்னிப்புக் கேளு," என்றார் செயலாளர் சுபாகரன். "இல்லாட்டி இந்த வருசம் உங்கட குடிக்குப் பூசை இல்ல. உன்ட அம்மா வெளியில நிண்டு கும்பிட்டுட்டுப் போகட்டும்."

குடிக்கு ஒரு நாள் என்று வரும் அந்தப் பூசைக்கு விதுசாவின் அம்மா இப்போதே விரதம் தொடங்கியிருந்தார். ஆனாலும் அவள் மறுத்தாள்.

"இறக்க ஒண்ணாது, மாமா."

"அப்ப அந்தப் பொடியன்ட பேரச் சொல்லு," என்றார் கோணாமலை.

"அதுவும் ஒண்ணாது. பேர் சொல்ல மாட்டன் எண்டு வாக்குக் குடுத்திட்டன்."

"கம்பஸ் போனா வாய் நீளும் எண்டது சரியாத்தான் இருக்கு."

"வாய் முந்தியே நீளம்தான் மாமா. கம்பஸில போய்ச் சுருதி சேத்தன், அவ்வளவுதான்."

மூலையில் ஸ்பீக்கர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்த தனுசன், கோணாமலையின் மகன், சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தான். அவனுடைய அம்மா வசந்தாதேவி, பிளேன்ரீக் கோப்பைத் தட்டோடு ஒவ்வொரு கதிரையாகப் போய்க்கொண்டிருந்தார்.

கோணாமலை மேசையில் ஓங்கி அடித்தார். "பேர் வேணாம் விடு! என்ன குடி? அத மட்டும் சொல்லு!"

விதுசா சிரித்துவிட்டாள். "பாட்டில உள்ளதையே கேக்கிறீங்களே, மாமா."

"சொல்லு எண்டுறன்!"

"உங்கட பிள்ளைகள்ற குடி."

எல்லாத் தலைகளும் தனுசன் பக்கம் திரும்பின.

"நான் இல்லப்பா!" தனுசன் வயரைப் போட்டுவிட்டு எழும்பினான். "நான் பாடினா நாயும் எழும்பிப் போயிரும்!"

யாரும் அவனை நம்பவில்லை. சுபாகரன்தான் முதலில் செருமினார். "இளந்தாரிப் பொடியன்கள் எண்டா பாட்டு கீட்டு இருக்கும்தானே, தலைவர்."

"சொன்னதிலயும் என்ன பிழை?" என்றார் பக்கத்தில் இருந்தவர். "இந்தக் குடி கேக்கிறதெல்லாம் கொஞ்சம் மாறத்தானே வேணும்."

சற்று முன்வரை ஊரைக் கெடுத்த பாட்டு, தலைவர் மகனின் பாட்டானதும் ஊரைத் திருத்தத் தொடங்கிவிட்டது. விதுசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப பொம்பிள பாடினாத்தான் பிழையா?"

கோணாமலையின் காதில் அது விழவில்லை. அவர் பாட்டை மறுபடி போட்டு, போனைக் காதோடு வைத்துக் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய நெஞ்சு நிமிர்ந்தது.

"என்ன குரல் இது! எங்கட அப்பாட குரல் அப்பிடியே இருக்கு. எங்கட ரத்தத்தில வந்தது!"

"ஓம் தலைவர், கேட்ட உடன எனக்கும் விளங்கிற்று," என்றார் சுபாகரன்.

தனுசன் வாயைத் திறந்தான். "பயப்படாத மகன்," என்று கோணாமலை கையைக் காட்டி அவனை இருத்தினார்.

"சுபாகரன், எழுதுங்க. பாட்டு இறக்கத் தேவையில்ல. இவங்கட குடிப் பூசையும் நடக்கும். இப்பிடி ஒரு குரல ஆரும் அடக்கி வெக்கக் கூடாது. நிர்வாகம் பாராட்டுது எண்டும் சேத்துப் போடுங்க."

சுபாகரன் எழுதி, உரக்க வாசித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வசந்தாதேவி கடைசிப் பிளேன்ரீயைக் கணவனின் முன்னால் வைத்தார். வெறும் தட்டை மேசையில் சத்தம் வரப் போட்டார்.

"சரி, அப்ப அடுத்த பாட்டையும் நானே பாடுறன்."