ஏலக்காரர் வாய்

கடற்கரை ஊரின் கால்பந்துச் சங்கச் செயலாளர் பனியடிமை, பிழைப்புக்கு மீன் ஏலம் விடுகிறவர். ஆப்பிரிக்காவின் கானா நாட்டு ஆட்டக்காரன் ஒருவனை அணிக்கு விலைபேசப் போன இடத்தில் பழக்கதோஷம் அவரைக் கவிழ்த்துவிட்டது. தரகர் இருபதாயிரம் என்றதும் அவர் வாய் தானாக, "இருவது, இருவது, இருவத்தஞ்சு, முப்பது" என்று ஏறி, போட்டிக்கு ஆளே இல்லாமல் ஐம்பதில் போய் நின்றது. சங்கத்துப் படகை விற்றுத்தான் கட்டினார்கள். "ஒத்தைக்கு நின்னு வெலய ஏத்துன மனுசன பாருங்கலே!" என்று ஊர் அவரை வறுத்தெடுத்தது.

இறுதி ஆட்டத்தில் எதிரணிக்கு அந்த ஐம்பதாயிரத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. கானாக்காரன் இடப்பக்கம் நகர்ந்தால் ஐந்து பேர் கூடவே நகர்ந்தார்கள். அவன் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தபோதும் ஐவரும் சூழ்ந்து காவல் நின்றார்கள். அந்த நேரம் பார்த்து, ஊர் அணியில் ஆடிய, மீன்களுக்கு ஐஸ் உடைக்கும் பெர்க்மான்ஸ் ஆளில்லாத வலது ஓரமாகப் பந்தை உருட்டிக்கொண்டே போய் வலைக்குள் விட்டான்.

ஊர் கூத்தாடியது. கானாக்காரன்தான் முதலில் ஓடிவந்து பெர்க்மான்ஸைத் தோளில் தூக்கினான்.

"பந்தே படாத காலுக்கா அண்ணே அம்பதாயிரம்?" என்று கூட்டத்தில் ஒருவன் பனியடிமையைச் சீண்டினான்.

"அந்த வெலதாம்லே கோலடிச்சுது" என்றார் பனியடிமை, நெஞ்சை நிமிர்த்தி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரணி மேலாளர் வந்தார். "அந்த ஐஸ்காரப் பயலுக்கு என்ன வெல?"

பனியடிமையின் வாய் தானாகத் திறந்தது. பெர்க்மான்ஸின் அம்மா பாய்ந்துவந்து அதை இறுகப் பொத்தினாள். அவள் விரலிடுக்கு வழியாக, "இருவது, இருவத்தஞ்சு" என்று கசிந்துகொண்டே இருந்தது.