நாற்பது நாள் குடித்தனம்

"உண்மையைச் சொல்லுங்க. நான் இல்லாதப்ப இந்த வீட்டுக்குள்ள யாரு வந்தது?"

கணவனின் கெண்டைக்காலில் வரிசையாகச் சிவந்திருந்த தடங்களைப் பார்த்துத்தான் கேட்டாள். அவன் இரண்டு கைகளாலும் சொறிந்துகொண்டே, "சத்தியமா யாரும் வரல" என்றான்.

எல்லாம் தெள்ளுப்பூச்சிக் கடி. வீட்டில் நாய் கிடையாது, பூனை கிடையாது, தொட்டியில் ஒரு மீன்கூடக் கிடையாது. ஆனாலும் தங்கையின் பிரசவத்துக்குப் போயிருந்தவள் ஊர் திரும்பிய மறுநாளே, வீட்டோடு வந்த தரைவிரிப்பிலிருந்து கடுகு கடுகாகத் துள்ள ஆரம்பித்துவிட்டன.

"உன் பெட்டியிலதான் வந்திருக்கு. நாப்பது நாளா இதே விரிப்புல உருண்டு புரண்டு டிவி பாத்தேன், ஒரு கடி கிடையாது. நீ வந்தே, ஆரம்பிச்சிருச்சு" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. பழியைக்கூடப் பொறுத்துக்கொள்வாள், அந்த நாற்பது நாள் பெருமையைத்தான் பொறுக்க முடியவில்லை. வாடகைக்குப் புதிதாகக் குடிவந்த இந்த வீட்டில் சாமான்களை அடுக்கி முடித்த கையோடு ஊருக்குக் கிளம்பியவள் அவள். வருகிற திங்கட்கிழமை அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் சேரப் போகிறாள். இனி வீட்டு வேலையில் பாதி உங்களுடையது என்று வந்ததும் வராததுமாகச் சொன்னதற்கு, அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"பாதியா? முழுசையும் நான் ஒத்த ஆளாப் பாத்தேன். சமையல், துணி, பெருக்கறது எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். இதுக்குப் போய்ப் பங்கு கேக்குறியே! அம்மா நாலு தெரு தள்ளித்தான் இருக்காங்க. சாப்பிட வாடான்னு கூப்பிட்டாங்க, போனேனா?"

அவள் சமையலறைக்குள் போய்ப் பார்த்தாள். அடுப்பில் ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை. பாத்திரங்கள் அவள் கவிழ்த்து வைத்தது வைத்தபடியே பளபளத்தன. சொந்தச் சமையலில் மனிதருக்குக் கன்னம் வேறு உப்பியிருந்தது. தான் பல வருஷமாக மாரடித்த வேலையை இவர் அரை மணியில் ஊதித் தள்ளிவிட்டாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆத்திரத்தைப் பூச்சிகளின்மேல் திருப்பினாள். "ஒண்ணு இந்த வீட்டுல நான் இருக்கணும், இல்ல அதுங்க இருக்கணும்!"

மெத்தை உறை, போர்வை எல்லாம் கொதிக்கிற தண்ணீருக்குள் போயின. வெளிச்சத்துக்குத் துள்ளி வந்து விழட்டுமென்று விளக்கடியில் சோப்புத் தண்ணீர்த் தட்டு வைத்தாள். வெள்ளைக் காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டு, எந்த மூலையில் அதிகம் ஏறுகின்றன என்று அறை அறையாக நடந்து பார்த்தாள்.

அவன் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "பேசாம வேற வீடு பாத்துரலாமே" என்றான்.

"மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையா? நான் அசைய மாட்டேன்."

மூன்றாம் நாள் பூச்சி மருந்து அடிப்பவரை வரவழைத்தாள். அவர் முட்டி போட்டு, விரிப்பின் ஓரத்தைத் தூக்கி டார்ச் அடித்தார்.

"முன்னாடி இருந்தவங்க பூனை வச்சிருந்தாங்களா?"

"ரெண்டு. ஆனா அவங்க காலி பண்ணியே ரெண்டு மாசமாச்சே."

"அதனால என்னம்மா? கூட்டுக்குள்ள மாசக்கணக்கா அசையாமக் கிடக்கும். ஆள் நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் பட்டாத்தான் உடைச்சுக்கிட்டு வெளிய குதிக்கும். குதிச்ச நிமிஷமே கடிதான்."

"அப்ப என் பெட்டியில வரலையா?"

"பெட்டி பாவம்மா. காலடிச் சத்தம் கேட்டு முழிச்சிருக்கு, அவ்வளவுதான். மருந்து நான் அடிச்சிடறேன். ஆனா ஒரு மாசத்துக்குத் தினமும் மூலை முடுக்கெல்லாம் வாக்குவம் கிளீனர் போடணும். அது யாரு செய்வீங்கன்னு முடிவு பண்ணிக்குங்க."

நாற்காலியில் இருந்தவன் சொறிவதை நிறுத்தினான்.

அவள் விரிப்பைப் பார்த்தாள். பிறகு அவனது உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். உள்ளே போய் வாக்குவம் கிளீனரை இழுத்து வந்து, அதன் குழாயை அவன் கையில் திணித்தாள்.

"யாரும் வரலைன்னு சத்தியம் பண்ணீங்களே, அது நெஜம்தாங்க. நீங்களும் வரல."