உள்பக்க விரிசல்

"இருக்கறதுலயே கெட்டியான கண்ணாடி எது தம்பி? அதையே போடு" என்றார் அப்பா.

"கெட்டியாவே போட்டுடலாம் சார். ஆனா கல்லு பட்டா எந்தக் கண்ணாடியும் உடையத்தான் செய்யும்" என்றபடி கண்ணாடிக்காரர் காரைச் சுற்றி வந்தார். முன்சீட்டிலிருந்து மகள் இறங்குவதைப் பார்த்ததும் கடைக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவள் அதன் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

அவளுக்கு இன்னும் ஆச்சரியம் அடங்கவில்லை. இந்த முன்கண்ணாடியை மாற்றச் சொல்லி எத்தனை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியிருக்கிறாள்! "ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று பாடிய பாட்டையே பாடிக்கொண்டிருந்த மனிதர், இன்று காலை காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்ததும் தானாகவே, "கிளம்பும்மா, கண்ணாடியை மாத்திட்டு வந்துடலாம். உன்னைத் தனியா விட்டுட்டுப் போகமாட்டேன்" என்றார். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி ஏற்றினார்.

"இது என்ன சார், விரிசல் மேல சிவப்புச் சிவப்பா புள்ளி?"

"எங்கம்மா வெச்சது" என்று மகள் முந்திக்கொண்டாள். சொல்லும்போதே சிரிப்பு வந்தது. "நெயில் பாலிஷ். வருஷத்துக்கு ஒரு தடவை, விரிசல் எதுவரைக்கும் வந்திருக்குன்னு பார்த்து அந்த முனையில ஒரு புள்ளி வெப்பாங்க. பிள்ளைங்க உயரத்துக்குச் சுவத்துல கோடு போடுவாங்க இல்ல, அந்த மாதிரி."

பள்ளிக்கூடம் போகும்போது பின்சீட்டிலிருந்து எட்டி எட்டி அவள் எண்ணிய புள்ளிகள். புள்ளி வைத்தது போகத் தூரிகையில் மிச்சமிருக்கும் பாலிஷை அம்மா இவள் சுண்டுவிரல் நகத்தில் பூசிவிடுவாள். அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து, பேச்சுக்கு நடுவிலும் விரிசலை விரலால் தடவிக்கொண்டே வருவாள். அம்மா போய் மூன்று வருஷமாகிறது. கடைசிப் புள்ளிக்கு அப்பால் மூன்று விரற்கடை நீளத்துக்கு விரிசல் வெறுமனே கிடந்தது.

"எப்படி சார் உடைஞ்சுது?"

"லாரி டயர்லேருந்து தெறிச்ச கல்லு" என்றார் அப்பா. கொஞ்சம் அவசரமாகச் சொன்ன மாதிரி இருந்தது.

கண்ணாடிக்காரர் விரிசல் தொடங்கிய இடத்தை வெளிப்பக்கமாக நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, உள்ளே தலையை நுழைத்து, அதே இடத்தைக் கீறினார்.

"கல்லு இல்ல சார். இந்தக் கண்ணாடி ரெண்டு அடுக்கு. கல்லு பட்டிருந்தா வெளி அடுக்குல குழி விழுந்திருக்கும். வெளியே வழுவழுன்னு இருக்கு, உள் அடுக்குதான் உடைஞ்சிருக்கு. உள்ளேருந்து யாரோ பலமா மோதியிருக்காங்க. அதுவும் இந்தப் பக்கத்து சீட்டுலேருந்து."

அது அம்மாவின் சீட்டு. மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். 'உங்கப்பனுக்கு அந்தக் காலத்துல மூக்குக்கு மேல கோபம் வரும்' என்று அத்தை எப்போதோ சொன்னது இப்போது போய் ஞாபகம் வரவேண்டுமா?

கண்ணாடிக்காரர் புதுக் கண்ணாடி எடுக்க உள்ளே போகும்வரை பொறுத்திருந்தாள்.

"அம்மா மேல கை ஓங்கினீங்களா?"

"என்னம்மா பேசற நீ?"

"பின்ன எதுக்கு இத்தனை வருஷமா கல்லுன்னு சொன்னீங்க? பிடிச்சுத் தள்ளினீங்களா? அவங்க தலை போய் இடிச்சுதா?" குரல் உடைந்தது. "உண்மையைச் சொல்லிடுங்கப்பா. இல்லன்னா இப்பவே ஒரு வண்டி பிடிச்சுப் போயிடுவேன். உங்க வீட்டுல இனி ஒரு நாள்கூட இருக்கமாட்டேன்."

அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "அம்மா என்னிக்குப் புள்ளி வெப்பா, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? என் பிறந்தநாள் அன்னிக்கு. கேக் வெட்டி முடிச்சதும்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"அதேதான். நீ பொறந்த அன்னிக்கு உடைஞ்சது அது. ஆஸ்பத்திரிக்குப் போற வழி. சிக்னல்ல சிவப்பு விழுந்துடுச்சு. 'கொஞ்சம் பொறுத்துக்கோ'ன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சேன். சீட்டைச் சாய்ச்சு, காலைத் தூக்கி, விட்டா பாரு ஒரு உதை!" அப்பா சிரித்தார். கண் நிறைந்து வழிந்தது. "நாலு நாள் கழிச்சு உன்னை மடியில வெச்சுக்கிட்டு அதே சீட்டுல வந்து உக்காந்தா. 'இது இவ பண்ணின முதல் சேட்டை, இதை மாத்தக் கூடாது'ன்னா. 'அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, பிரசவத்துக்குப் பயந்துடுவா. அவளுக்குன்னு ஒண்ணு பொறக்கட்டும், நானே சொல்லிக்கறேன்'னு சத்தியம் வாங்கிட்டா. சொல்லத்தான் அவ இல்ல."

மகள் அப்பாவின் கையை இழுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

"இதான் சார் இருக்கறதுலயே கெட்டி" என்று கண்ணாடிக்காரர் புதுக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "ஆனா முன்னமே சொல்லிட்டேன், கல்லு பட்டா நான் பொறுப்பில்ல."

"கல்லு கிடக்கட்டும் தம்பி" என்றார் அப்பா. "அடுத்த மாசம் என் பொண்ணைப் பிரசவத்துக்கு இந்த சீட்டுல உக்கார வெச்சுத்தான் கூட்டிட்டுப் போகணும். இவ உதைச்சா தாங்குமா, அதைச் சொல்லு!"